வெளிநாட்டுத் தொண்டர் வந்து இறங்கிய பின்: திண்டுக்கல் சமவெளியில் ஓராண்டு

யாருக்கு இந்த அத்தியாயம்

விடுதிக் காப்பாளர், பங்குத்தந்தை, ஆயர், பள்ளித் தலைமையாசிரியர், மிஷன் மருத்துவமனை நிர்வாகி ஆகியோருக்காக எழுதியது இது. பள்ளிப்படிப்பை முடித்த கையோடு ஓராண்டு ஊழியம் செய்யலாம் என்று ஐரோப்பாவிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஜெர்மன் அரசு 2008-ல் தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டம் 18 முதல் 28 வயது வரை உள்ளவர்களை அனுப்புகிறது. இயேசு சபை, சலேசிய சபை போன்ற துறவற சபைகளும் தங்கள் வழியாகத் தொண்டர்களை அனுப்புகின்றன. அவர்களில் ஒருவர் உங்கள் வளாகத்துக்கு வரப்போகிறார் என்று கடிதம் வந்துவிட்டால், அவர் வந்து இறங்குவதற்குள் இந்தப் பக்கங்களைப் படித்துவிடுங்கள்.

நம்மிடம் குறை அன்பு அல்ல. அன்பு தாராளமாகவே இருக்கிறது. மாலை, பொன்னாடை, தனித் தட்டு, தனி நாற்காலி, ஞாயிறு தவறாமல் பிரியாணி என்று தாங்குதாங்கென்று தாங்குவோம். மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளை அறைக்குள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். 'என்னிடம் யாரும் எந்த வேலையும் சொல்வதில்லை' என்று வீட்டுக்கு எழுதும். இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்: பத்து நாளைக்குள் அவரை விருந்தாளி நாற்காலியிலிருந்து இறக்கிவிடுங்கள். ஒரு வேலை, ஒரு சாவி, ஒரு வாளி, தப்புச் செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும், மற்றது தானாக அமையும்.

இந்த மண்ணுக்குப் புதிதல்ல

வந்தவருக்கு ஊரை அறிமுகப்படுத்தும்போது மலைக்கோட்டையோடும் பூட்டோடும் நிறுத்தாதீர்கள். அவருக்கு முன்னால் வந்தவர்களின் கதையையும் சொல்லுங்கள்.

திண்டுக்கல்லில் இயேசு சபையினரின் பெஸ்கி இல்லம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் 1680-ல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர். முப்பது வயதை ஒட்டி இங்கே வந்து, தமிழைப் படித்து, 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார். 'வந்த உடனே என்ன செய்யலாம்?' என்று துடிக்கும் பிள்ளையிடம், அவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார் என்று சொல்லிவையுங்கள்.

அமெரிக்க மதுரை மிஷனின் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-ல் வந்தார். கதர் உடுத்தினார், காந்தியத் தொண்டர்களோடு சேர்ந்தார். ஆங்கிலேய அரசு அவரை 1930-லும் 1944-லும் நாட்டைவிட்டு வெளியேற்றியது. சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பிவந்து காந்திகிராமத்தோடு இணைந்து வாழ்ந்தார். அந்தக் காந்திகிராமம், டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டி அருகே தொடங்கியது. ஒட்டன்சத்திரத்து சி.எஃப். மருத்துவமனையை 1955-ல் டாக்டர் ஏ.கே. தரியனும் நண்பர்களும் ஆரம்பித்தார்கள். அவர்கள் கேரளத்துக்காரர்கள். மொழி தெரியாத ஊருக்கு ஊழியத்துக்குப் போவது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரிய காரியம் அல்ல என்பதற்கு இது பக்கத்திலேயே இருக்கும் சான்று. நம் நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் 1903-லேயே பாளையங்கோட்டையில் சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியவர்கள். அனுப்பியவர்களின் வழிவந்த நாம் இப்போது வரவேற்கிறோம்.

வருவதற்கு முன்: தாள் வேலை

இதில் சோம்பல் கூடாது. பிள்ளை வந்த பிறகு ஓடுவதைவிட முன்னாலேயே கோப்பு ஒன்று போட்டுவிடுவது நல்லது.

- விசா. சுற்றுலா விசாவில் வந்து விடுதியில் ஓராண்டு ஊழியம் செய்ய முடியாது. சமயப் பிரசங்கமும் அந்த விசாவில் கூடாது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் ஊழியம் செய்ய வருபவருக்கும் மிஷனரியாக வருபவருக்கும் வெவ்வேறு விசா வகைகள் உண்டு. எந்த வகை என்பதை அனுப்பும் அமைப்போடு பேசி முடிவுசெய்யுங்கள். உங்கள் அழைப்புக் கடிதத்தில் எழுதும் வேலையும், அவர் இங்கே உண்மையில் செய்யப்போகும் வேலையும் ஒன்றாக இருக்கட்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் வாரத்தில் இந்தியத் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
- 24 மணி நேரம். வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையவாசலில் தெரிவிக்க வேண்டும். காவல் நிலையத்தில் 'சி ஃபாரம்' என்று சொன்னால் புரியும். பங்கு இல்லம், கன்னியர் மடம், விடுதி எதற்கும் விலக்கு இல்லை.
- 14 நாள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் இணையவழியில். மாவட்டத்தில் இதற்குரிய அதிகாரி காவல் கண்காணிப்பாளர்.
- நகல்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீடு, தடுப்பூசி அட்டை, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றின் நகல் உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. அசல் பாஸ்போர்ட்டை 'பத்திரமாக வைக்கிறோம்' என்று வாங்கி அலமாரியில் பூட்டாதீர்கள். அது அவரிடம்தான் இருக்க வேண்டும்.

அறை, தண்ணீர், குளியல்

அறை பெரிதாக வேண்டியதில்லை. கட்டில், மின்விசிறி, கொசுவலை, மேசை, உள்தாழ்ப்பாள் போதும். வெளியே பூட்ட ஒரு நல்ல திண்டுக்கல் பூட்டு வாங்கிக் கொடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இது என்று சொன்னால் வீட்டுக்கே ஒன்று வாங்கிக்கொண்டு போவார். சாவியில் ஒன்று அவரிடம், மற்றொன்று காப்பாளரிடம். பிள்ளைகள் தூங்கும் கூடத்தில் தன்னார்வலரைப் படுக்கவைக்கக் கூடாது.

தண்ணீர் பற்றி முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் ஊரிலிருந்து வருபவர் அவர். நம் ஊரில் குடிதண்ணீருக்கு ஆத்தூர் காமராஜர் அணையை நம்பியிருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு, சோப்பு நுரைக்காது. பேகம்பூர், பொன்மாந்துறைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட கதை ஊருக்கே தெரியும். ஆகவே மூன்று தண்ணீரைக் கண்ணால் பார்க்கக் காட்டுங்கள்: இது குடிக்க, இது சமைக்க, இது குளிக்கத் துவைக்க. பல் துலக்குவது எந்தத் தண்ணீரில் என்பதையும் சொல்லுங்கள், அங்கேதான் பலர் கோட்டைவிடுவார்கள்.

குளியல் இப்படி: ஒரு வாளி, ஒரு கப்பு. முதலில் கால், பிறகு தோள், கடைசியில் தலை. சோப்புக்கு முன் கால் வாளி, பின் முக்கால் வாளி. கழிவறையில் தண்ணீர் பயன்படுத்தும் முறையையும் கூச்சப்படாமல் விளக்கிவிடுங்கள். ஆண் தன்னார்வலருக்கு ஒரு அண்ணன், பெண்ணுக்கு ஒரு சிஸ்டர் அல்லது அக்கா இதைச் சொன்னால் இயல்பாக இருக்கும். துணியை அவரே துவைக்கட்டும். துவைக்கிற கல்லைக் காட்டி, ஒரு சட்டையை நீங்கள் அடித்துக் காட்டுங்கள். மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அன்றைக்கே பாதித் தூரம் குறைந்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளை நாளிதழில் பார்த்து முந்தைய நாளே சொல்லுங்கள். தெரிந்து வந்தால் வெயில்கூடப் பாதி வெயில்தான்.

சாப்பாடு

முதல் ஐந்து நாள் இட்லி, இடியாப்பம், தயிர்ச்சோறு, வேகவைத்த காய், வாழைப்பழம். சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் அதைவிட நல்ல அறிமுகம் வேறில்லை. ஒட்டன்சத்திரம் சந்தை பக்கத்தில் இருக்கும் மாவட்டத்தில் காய்கறிக்குப் பஞ்சம் இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்து விடுதிச் சாப்பாட்டுக்கு மாறட்டும். பிள்ளைகள் சாப்பிடும் அதே சாம்பார், அதே பொரியல், அதே தட்டு. தனி மேசை வேண்டாம்.

சீரகச் சம்பா பிரியாணியை முதல் நாளே ஊட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள், வயிறு பழகட்டும். தெருவோரத்து வெட்டிய பழம், ஐஸ் போட்ட சாறு ஆகியவை முதல் மாதம் வேண்டாம். இளநீர், கொதிக்கக் கொதிக்க டீ, கண்ணெதிரே சுட்ட தோசை ஆகியவற்றில் பயமில்லை.

'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று பரிமாறுவது நம் வழக்கம். தட்டில் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை திணறித் திணறித் தின்று முடிக்கும். சமையல் அக்காவிடம் சொல்லிவையுங்கள்: 'போதும்' என்றால் போதும். அந்தப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்: தட்டுக்கு மேல் கையை நீட்டி மறித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

நேர அட்டவணை ஒன்றை எழுதி அறைச் சுவரில் ஒட்டுங்கள். விடுதியோடு இணைந்த பள்ளியில் இது பொருந்தும்:

- காலை 5.30: எழுந்திருத்தல். விருப்பமிருந்தால் திருப்பலி அல்லது காலை ஜெபம்.
- 6.30 – 7.30: பிள்ளைகளோடு தோட்டம், கூட்டுதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல்.
- 8.00: காலைச் சாப்பாடு, பரிமாற உதவுதல்.
- 9.30 – 12.30: பள்ளியில் ஆங்கில வாசிப்பு, விளையாட்டு வகுப்பு, நூலகம்.
- 1.00 – 3.00: சாப்பாடு, ஓய்வு. இந்த நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள்.
- 3.00 – 4.00: தமிழ்ப் பாடம்.
- 4.30 – 6.00: மைதானம்.
- 6.30 – 8.30: மாலைப் படிப்பு.
- 9.30-க்குப் பிறகு அவருடைய நேரம்.

வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு. ஞாயிறு பிள்ளைகளுக்கு விடுமுறை, அன்று தன்னார்வலருக்கு வேலை கூடும். ஆகவே அவருடைய விடுப்பைத் திங்களோ செவ்வாயோ வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு நாளில் 'சும்மாதானே இருக்கிறாய்' என்று கூப்பிடுவது தவறு.

மதிய ஓய்வை இங்கே வேண்டுமென்றே நீளமாக வைத்திருக்கிறோம். நாள் முழுக்கத் தன்னை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கும் வாழ்க்கை அவருக்குப் புதிது. நாற்பது பிள்ளைகள் ஒரே கூடத்தில் படித்து, உண்டு, உறங்குவது நமக்குச் சாதாரணம். தனி அறையில் வளர்ந்தவருக்கு இரண்டு மணி நேரத் தனிமையும் ஒரு தேவை, அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த வேலை, எவ்வளவு

'எல்லாவற்றிலும் உதவலாம்' என்று சொன்னால் ஒன்றிலும் உதவ முடியாது. ஒரு தெளிவான பொறுப்பு வேண்டும். உதாரணமாக, மாலைப் படிப்பில் ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் திணறும் எட்டுப் பிள்ளைகள். ஒருவர் பின் ஒருவராக அவர் பக்கத்துப் பாயில் வந்து உட்கார்ந்து அரைப் பக்கம் வாசிக்க வேண்டும். தன்னார்வலர் ஒரு நோட்டில் பெயர், தேதி, திணறிய சொற்கள் மூன்று என்று குறிப்பார். காப்பாளர் சனிக்கிழமை அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். டிசம்பரில் அந்த நோட்டின் முதல் பக்கத்தையும் அன்றைய பக்கத்தையும் பக்கத்தில் வைத்தால் வேலை நடந்ததா இல்லையா என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

செய்யக் கூடாதவை:

- காலியான ஆசிரியர் பணியிடத்தை அவரை வைத்து நிரப்பாதீர்கள். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல, ஆண்டு முடிந்தால் போய்விடுபவர்.
- மருத்துவமனையில் ஊசி, கட்டு, மருந்து எதிலும் கைவைக்க விடாதீர்கள். பதிவு மேசை, முதியோருக்குத் துணை, பிள்ளைகள் வார்டில் விளையாட்டு ஆகியவை போதும்.
- தண்டனை கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடாதீர்கள். நம் காப்பாளர் யாராவது கை நீட்டினால் அவர் அதைப் பார்த்து அதிர்ந்துபோவார். அவர் அதிர்வது நியாயம், நாம் திருந்த வேண்டிய இடம் அது.

தமிழ்

ஆங்கிலம் தெரிந்த நாலுபேர் வளாகத்தில் இருந்தால் அவர்களோடே ஓராண்டு ஓடிவிடும். அப்படி ஓடவிட்டால் விடுதிக்கு வெளியே இருக்கும் திண்டுக்கல்லை அவர் பார்க்காமலே போய்விடுவார். தினம் ஒரு மணி நேரம் தமிழ், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாடநூல் தமிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதம் பேச்சு மட்டும்: 'வாங்க', 'சாப்ட்டீங்களா', 'எவ்வளவு', 'வேண்டாம்', 'மெதுவாப் பேசுங்க', 'புரியல', 'போயிட்டு வர்றேன்'. இரண்டாம் மாதம் எழுத்து, பஸ் பலகை வாசிக்கும் அளவுக்கு.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பட்டியலாகவே கொடுத்துவிடுங்கள். சமையல்காரர் 'அக்கா', காவலாளி 'அண்ணே', பெரியவர் 'ஐயா', பாட்டிமார் 'அப்பத்தா' அல்லது 'அம்மாச்சி'. பெரியவர்களுக்கு எப்போதும் 'ங்க' சேர்க்க வேண்டும். பிள்ளைகள் தன்னார்வலரை அண்ணன், அக்கா என்று கூப்பிடட்டும். வெள்ளைத் தோலைப் பார்த்ததும் ஊரார் 'ஃபாதர்', 'சிஸ்டர்' என்று கும்பிடுவார்கள். அவர் குருவோ கன்னியரோ அல்ல என்று பங்கில் ஒருமுறை அறிவித்துவிட்டால் அவருக்கும் நிம்மதி.

'எந்த ஊரு? அப்பா என்ன வேலை? கல்யாணம் ஆச்சா? எவ்வளவு சம்பளம்?' என்ற கேள்விகள் டீக்கடையில் தினம் வரும். துருவிப் பார்ப்பதாக அவர் நினைக்கலாம். பேச்சைத் தொடங்கும் முறை இது, விருப்பமில்லாததற்குச் சிரித்துக்கொண்டே நழுவலாம் என்று சொல்லிக்கொடுங்கள்.

தெரு, பஸ், உடை

முதல் பயணம் உங்களோடு. காமராஜர் பேருந்து நிலையத்தில் நத்தம், வத்தலக்குண்டு, வேடசந்தூர், பழநி பஸ்கள் எங்கே நிற்கும் என்று நடந்தே காட்டுங்கள். இரண்டாம் பயணத்தில் அவர் முன்னே ஏறட்டும், நீங்கள் பின்னே. மூன்றாம் பயணம் தனியாக: சின்னாளபட்டி போய்ச் சுங்குடிச் சேலைக் கடைத் தெருவைப் பார்த்துத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

பஸ்ஸில் அவர் அறிந்திருக்க வேண்டியவை: சில்லறை கையில் இருக்கட்டும். பெண்கள் பெண்கள் பக்கத்தில் உட்காருவார்கள், ஆண் தன்னார்வலர் காலி இடம் என்று ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பெண் எழுந்து நிற்க நேரும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரவு எட்டு மணிக்குள் வளாகம் திரும்புவது நல்லது. இருசக்கர வாகனம் ஓட்டக் கொடுக்காதீர்கள், உரிமமும் காப்பீடும் இல்லாமல் விபத்து நேர்ந்தால் பெரும்பாடு.

உடை: பெண்களுக்குச் சுடிதார், துப்பட்டா. ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, வளாகத்துக்குள் கைலி. தேவாலயத்திலும் கோயிலிலும் செருப்பை வெளியே விட வேண்டும். மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமோ, பேகம்பூர் பள்ளிவாசல் பக்கமோ அவர் போய்ப் பார்ப்பது நல்லது. கிறிஸ்தவ வளாகத்துக்குள்ளேயே இருந்து, ஊர் முழுக்க இப்படித்தான் என்று எண்ணித் திரும்பிவிடக் கூடாது.

கிராமத்துக்கு அழைத்துப்போகும் முன் சாதியைப் பற்றிப் பூசி மெழுகாமல் பேசுங்கள். 'நீங்க எந்தத் தெரு?' என்ற கேள்வி என்ன கேட்கிறது, ஒரே பங்குக்குள் திருவிழாவிலும் கல்லறையிலும் ஏன் சண்டை வருகிறது, எந்த வீட்டில் சாப்பிட்டார் என்பதை ஏன் ஊர் கவனிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருச்சபைக்குள் சாதி இல்லை என்று சொல்லி அனுப்பினால் ஒரே வாரத்தில் நம் பேச்சின் மேல் நம்பிக்கை போய்விடும். எல்லாத் தெருவிலும் உட்காரட்டும், எல்லா வீட்டிலும் தண்ணீர் குடிக்கட்டும்.

உடம்பு

வயிற்றுப்போக்கு முதல் மாதத்தில் வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம்.

மழைக்காலத்தில் டெங்கு. அந்தக் கொசு பகலில் கடிப்பது, ஆகவே இரவுக் கொசுவலை மட்டும் போதாது. முழுக்கை உடுப்பு வேண்டும், தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். காய்ச்சல் என்றால் தானாக மாத்திரை போட்டுக்கொள்ளாமல் இரத்தப் பரிசோதனை.

தெருநாய்களைக் கண்டால் கொஞ்சத் தோன்றும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அவசரத்துக்கு 108. இந்த எண்ணையும் காப்பாளர் எண்ணையும் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாம் மாதம்

முதல் மாதம் எல்லாம் வியப்பு. இரண்டாம் மாதம் எல்லாம் எரிச்சல். மூன்றாம் மாதம் பல பிள்ளைகளுக்கு வீட்டு ஏக்கம் வரும். ஆகஸ்டு இறுதியில் வந்தவருக்கு அது நவம்பர் மழையில் வரும். துணி காயாது, மைதானத்தில் விளையாட முடியாது, மாலை சீக்கிரம் இருட்டிவிடும். அவர் மௌனமாக இருந்தால் 'நம்மைப் பிடிக்கவில்லை போல' என்று நாமும் விலகிவிடுவோம், அதுதான் ஆபத்து.

இதற்கு ஒரு பொறுப்பாளரை முதல் நாளே நியமியுங்கள். அவர் விடுதித் தலைவராக இல்லாதிருப்பது நல்லது. வேலை வாங்குபவரிடம் வேலையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு ஆசிரியை, ஓய்வுபெற்ற செவிலியர், வயதான அருட்சகோதரி என்று யாராவது வாரம் ஒருமுறை டீ கொடுத்து உட்காரவைத்துக் கேட்கட்டும். புத்தி சொல்ல வேண்டாம், கேட்டாலே போதும்.

கிறிஸ்துமஸ் இன்னொரு குழி. நமக்கு அது கேரல் ரவுண்ட்ஸ், குடில், நள்ளிரவுத் திருப்பலி, வெடிச்சத்தம். அவருக்கு அது அமைதியான வீட்டுப் பண்டிகை. குடில் கட்டும் பொறுப்பில் ஒரு பங்கை அவருக்குக் கொடுங்கள். அவர் வீட்டில் செய்யும் ஒரு பலகாரத்தைச் சமையலறையில் செய்துபார்க்க இடம் கொடுங்கள். வீட்டாரோடு பேச அன்று இரவு நல்ல இணைய வசதி செய்துகொடுங்கள்.

பணம், படம், பிரசங்கம்

*பணம்.* அவருடைய பெற்றோரும் ஊர்த் திருச்சபையும் விடுதிக்குப் பணம் அனுப்ப ஆசைப்படுவார்கள். வெளிநாட்டு நன்கொடையைக் கையில் வாங்காதீர்கள், உள்ளூர் வங்கிக் கணக்கிலும் போடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு உள்ள நிறுவனம் மட்டுமே வாங்கலாம். 2020 சட்டத் திருத்தத்தின்படி அது பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். வெளிநாட்டவர் இங்கே இருந்துகொண்டு ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். தனிப்பட்ட முறையில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சைக்கிள், கைப்பேசி வாங்கிக் கொடுப்பதையும் தடுத்துவிடுங்கள். மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளின் முகத்தை அவர் பார்த்திருக்க மாட்டார், நீங்கள் பார்ப்பீர்கள்.

*படம்.* இல்லத்துப் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை இணையத்தில் போடக் கூடாது. பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. மூடிய அறையில் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று தனித்திருக்கக் கூடாது. இந்த விதி தன்னார்வலருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 விடுதிச் சுவரில் இருக்கட்டும்.

*பிரசங்கம்.* கூட்டங்களில் வெள்ளைக்காரர் ஒருவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அவருடைய விசா அதற்கு இடம் தராதிருந்தால் சிக்கல் அவருக்கும் நிறுவனத்துக்கும் சேர்ந்து வரும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பத்தொன்பது வயதுப் பிள்ளையின் விசுவாசத்தைக் காட்சிப்பொருளாக்குவது அவருக்கும் நல்லதல்ல. அவர் வந்தது பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க. அதைச் செய்யவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கு

- *ஆகஸ்டு – செப்டம்பர்:* வருகை, பதிவு, தமிழ். காலாண்டுத் தேர்வு. பெரிய பொறுப்பு வேண்டாம்.
- *அக்டோபர் – டிசம்பர்:* வடகிழக்குப் பருவமழை, தீபாவளி, அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ். வாசிப்பு வேலை சூடுபிடிக்கும் காலம்.
- *ஜனவரி – பிப்ரவரி:* பொங்கல், சுற்றுவட்டாரத்தில் ஜல்லிக்கட்டு. கேலரியில் உட்கார்ந்து பார்க்கலாம், களத்தருகே போகக் கூடாது. ஊரைச் சுற்றிப் பார்க்க இதுவே நல்ல பருவம்: 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சிறுமலை, தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில், நிலக்கோட்டைப் பூச்சந்தை.
- *மார்ச் – ஏப்ரல்:* தவக்காலம், ஆண்டுத் தேர்வு. வெயில் ஏறும். காலை வேலையை முன்னுக்குத் தள்ளி, மைதானத்தை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள்.
- *மே:* விடுதி காலி. அவரைச் சும்மா வைக்காமல் கொடைக்கானல் பக்கம் ஓய்வுக்கோ, வேறொரு நிறுவனத்தின் கோடை முகாமுக்கோ அனுப்புங்கள்.
- *ஜூன் – ஜூலை:* புதிய பிள்ளைகள் சேர்க்கை. பழையவர் என்ற உரிமையோடு அவர் வேலை செய்யும் காலம். ஒப்படைப்பு.

புறப்படுமுன்

வழியனுப்பு விழா வைக்கத்தான் போகிறீர்கள், வையுங்கள். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். வாசிப்பு நோட்டு யாரிடம் போகிறது? எந்தப் பிள்ளைக்கு என்ன பாக்கி இருக்கிறது? அடுத்து வருபவருக்கு அவர் எழுதிவைக்கும் நாலு பக்கக் குறிப்பு தயாரா? நிறுவனத்தைப் பற்றி அவருக்குப் பிடிக்காதது என்ன? கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்குங்கள், முகத்துக்கு நேரே அவர் சொல்ல மாட்டார்.

'மறுபடி வருவேன்' என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், அப்பா அம்மா வருவார்கள் என்று வாசலைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது இன்னொரு ஏமாற்றம்.

அடுத்த ஆண்டுக்கு ஆள் கேட்டு எழுதும் முன் உங்களையே நான்கு கேளுங்கள். வருபவருக்கு என்ன வேலை? தமிழ் சொல்லிக்கொடுப்பது யார்? வாரம் ஒருமுறை அவர் பேச்சைக் கேட்பது யார்? சென்றவர் எழுதிய குறையில் எதைச் சரிசெய்தோம்? நான்குக்கும் பெயரோடும் செயலோடும் பதில் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால், இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அனுப்பும் அமைப்புக்குச் சொல்லிவிடுவதில் அவமானம் எதுவும் இல்லை.